தூக்கத்தில் மயக்கம்... டாக்டர் கேட்ட அந்த ஒரு கேள்வி!

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். வயிற்றைப் பிசைவது போல இருக்க, விழித்துக்கொண்டேன். குமட்டல், உடம்பெல்லாம் வியர்வை, உடனே பாத்ரூம் போக வேண்டும் போல ஓர் அவசரம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தது வரைதான் ஞாபகம். கண் திறந்தபோது உள்ளங்கையில் பீரோ சாவி. பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தார்.

அது மூன்றாவது முறை. மயக்கத்தில் கை இரண்டு தடவை வெட்டியதைப் பார்த்து, வலிப்பு என்றே வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார் அம்மா. ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டேன். தினமும் ஹெல்த் கட்டுரைகளைப் பதிவேற்றுகிற ஆள் நான்!

நரம்பியல் டாக்டர் இ.இ.ஜி., இ.சி.ஜி. இரண்டும் எடுக்கச் சொன்னார். நார்மல். அதைவிட, அம்மாவிடம்தான் அதிகம் கேட்டார். "விழிச்ச பிறகு மயங்கினாளா? தெளிஞ்சதும் உங்களை அடையாளம் தெரிஞ்சுதா?" இரண்டுக்குமே ஆமாம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊசின்னா பயமாம்மா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கூலில் தடுப்பூசி போட்ட அன்று, முன்னால் நின்றவள் கையில் ஊசி இறங்கியதைப் பார்த்தே சரிந்தவள் நான். காலேஜில் ரத்ததான முகாம் என்றால் அன்றைக்கு லீவு. இதற்கும் ராத்திரி மயக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. பாம்பைப் பார்த்துப் பயந்தால் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி பயம் மட்டும் வேறு மாதிரி. ஏறிய அழுத்தம் திடீரென்று சரியும், இதயத்துடிப்பும் குறையும், மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் விழுந்துவிடுவார். வேகஸ் என்கிற நரம்பு செய்கிற வேலை இது. சிலருக்கு இதே சரிவு ராத்திரித் தூக்கத்துக்கு நடுவிலும் வரும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர டாக்டர்கள் இதைப் பற்றி 2006-ல் எழுதினார்கள். தூக்கத்தில் இப்படி மயங்குகிறவர்களிடம் ரத்தம், ஊசி பயம் அதிகம் இருப்பதை 2010-ல் வந்த ஆய்வு சொன்னது.

"வீட்ல வேற யாருக்காவது இந்தப் பயம் இருக்கா? இது குடும்பத்துல ஓடும்" என்றார் டாக்டர்.

வாசல் பக்கம் நின்றிருந்த அப்பா தொண்டையைச் செருமினார். "எனக்கு இருக்குங்க."

நான் பிறந்தபோது அப்பா ஆஸ்பத்திரிக்குள்ளேயே வரவில்லை என்பது அம்மாவின் தீராத மனக்குறை. சண்டை வந்தால் இப்போதும் அதைத்தான் எடுப்பார். அன்று டாக்டர் அறையில் அம்மா ஒன்றுமே பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல" என்றார், அவ்வளவுதான்.

ராத்திரி அறிகுறி வந்தால் எழுந்து ஓடாமல் அப்படியே படுத்திருக்கச் சொன்னார் டாக்டர். ஊசி பயத்துக்கு ஒரு பயிற்சி. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் உருவாக்கியது. கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்க வேண்டும், முகம் சூடாவது தெரியும். பிறகு விட்டுவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடியும். இப்படி ஐந்து முறை. அழுத்தம் சரியாமல் இது தாங்கிப் பிடிக்கும். (ரிலாக்ஸ் பண்ணு, மூச்சை இழுத்து விடு என்று எனக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! இந்தப் பயத்துக்கு அது நேர் எதிர் வைத்தியம்.)

இரண்டு வாரம் டி.வி. முன்னால் உட்கார்ந்து நானும் அப்பாவும் இறுக்கிப் பழகினோம். அம்மாதான் எண்ணுவார். பிறகு ஒரு சனிக்கிழமை காலை இருவரும் லேபுக்குப் போய், படுத்துக்கொண்டே ரத்தம் கொடுத்தோம். அப்பா ஊசியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு 56 வயது, அதுதான் முதல் ரத்தப் பரிசோதனை.

சர்க்கரை இருப்பது அன்று சாயந்திரம் தெரிந்தது.