அலுமாரியின் மேலிருந்த ரேடியோ



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் பழைய வால்வு ரேடியோ ஒன்று தூசு படிந்து கிடக்கிறதா? அதை மீண்டும் பேச வைக்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், முதலில் இதை வாசியுங்கள். இது என் கையால் நடந்த பிழை.

அது மர்ஹூம் வாப்பாவின் ரேடியோ. நோன்பு மாதத்தில் முஸ்லிம் சேவையின் பாங்கொலிக்காக, பேரீத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். வாப்பா மௌத்தான பின் அது மௌனமாகிவிட்டது. "மகன், ஒருக்கா அதைப் பேச வைச்சித் தாங்களேன்" என்று உம்மா ஒருநாள் கேட்டார்கள். அறபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், விடுமுறை நாட்களில் ஒரு ரேடியோ கடையில் உதவிக்கு நின்றவன் நான். அந்தத் துணிவில் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள். பல்லாண்டு ஈரத்தைக் குடித்து, மின்சாரத்தைக் கசிய விடுபவை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 630 வோல்ட் என்று எழுதப்பட்ட புதியவற்றைப் பூட்டினேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே, இது தாராளம் என்று நினைத்தேன். ரேடியோ பேசியது. உம்மா அழுதார்கள்.

பத்து நாள் கழித்து, இடி மின்னலோடு ஓர் இரவு மழை. மறுநாள் காலையில் உம்மா வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் நின்று, கரகரப்பைச் சரிசெய்ய ஏரியல் கம்பியைத் தொட்டார்கள். அடுத்த கணம் கீழே விழுந்து கிடந்தார்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது கை இரண்டு நாள் மரத்துப்போயிருந்தது.

அந்த ரேடியோவை எனக்குத் தொழில் காட்டித் தந்த நானாவிடம் கொண்டுபோனேன். ஏரியலுக்குப் போகும் கண்டென்சரைக் கழற்றி மீற்றரில் வைத்தார். அது வெறும் கம்பியைப் போல ஆகிவிட்டிருந்தது.

"மௌலவி, 630 என்ற நம்பரைப் பாத்தீங்க. இது செத்தா ஆரைக் கூட்டிக்கொண்டு போகும் எண்டு பாக்கல்லயே" என்றார்.

நானா விளக்கியது இதுதான். எங்களுடையது ட்ரான்ஸ்போமர் இல்லாத ரேடியோ. இந்த வகையில் உள்ளிருக்கும் இரும்புத் தட்டு, வீட்டு மின்கம்பிகளில் ஒன்றோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கில் கம்பி மாறிவிட்டால் தட்டு முழுவதும் 230 வோல்ட். அதற்கும் ஏரியலைத் தொடும் கைக்கும் நடுவே நிற்பது அந்தச் சிறிய கண்டென்சர் ஒன்றுதான். மின்னல் நேரத்தில் கம்பிவழி ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு கணம் பாயலாம். சாதாரணக் கண்டென்சர் அதில் உடைந்து, வழியைத் திறந்துவிடலாம்.

மனிதர் தொடக்கூடிய இடத்துக்கென்றே 'வை' வகைக் கண்டென்சர் உண்டு. 'வை2' வகையை 5000 வோல்ட் அதிர்வில் சோதிக்கிறார்கள். பழுதானாலும் வழியைத் திறக்காமல், மூடிக்கொள்ளும் விதமாக அது செய்யப்படுகிறது. இரண்டு மின்கம்பிகளுக்கும் குறுக்கே போடுவது 'எக்ஸ்2'. அது ஷோர்ட் ஆனால் பியூஸ் எரிய வேண்டும். ஆகவே பியூஸ் இல்லாத பழைய ரேடியோவுக்கு ஒன்று போட்டே ஆக வேண்டும். 'வை' இருக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' ஒருபோதும் போடக்கூடாது. வால்வுகளுக்கு இடையே உள்ளவற்றுக்கு மட்டும் நல்ல 630 வோல்ட் போதும்.

அளவையும் கூட்டக்கூடாது. 0.0047 மைக்ரோபரட் என்றால் கைக்கு வரக்கூடியது மில்லி அம்பியரில் மூன்றிலொரு பங்கு. 0.1 போட்டால் ஏழு மில்லி அம்பியர், கையை உதறவைக்கும்.

சகோதரிகளே, இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். ரேடியோவைத் துடைப்பதும், திருகுவதும், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்திருப்பதும் நீங்கள்தான். திருத்துபவரிடம் கேளுங்கள்: ஏரியலுக்கு 'வை2' போட்டீர்களா? பியூஸ் இருக்கிறதா? பிளக்கில் கம்பி சரியா? திருகும் குமிழ் கழன்று இரும்புத் தண்டு வெளியே தெரிந்தால், பின்மூடி இல்லாவிட்டால், ரேடியோவைப் போடவே வேண்டாம். குமிழின் சின்ன ஆணித் துளையையும் மெழுகால் அடைக்கச் சொல்லுங்கள்.

விலை வித்தியாசம் ஒரு பிளேன்டீக்குக் காணாது. நான் அதை மிச்சம் பிடிக்கவில்லை. கேட்டறிந்து செய்ய வேண்டியதைக் கேட்காமல் செய்தேன், அவ்வளவுதான்.

இப்போது ரேடியோ மறுபடி பேசுகிறது. உம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஆனால் ஏரியலைச் சரிசெய்ய வேண்டுமென்றால், இன்றும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.