சிவியாரிட்டி 2

அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். சிறுசேரி சிப்காட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர் உத்தியோகம். வருடக்கணக்கில் இதையே செய்தால் புத்தி அப்படியே படிந்துவிடும். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேனாம். வீட்டில் என்மேல் இருக்கும் நிரந்தரப் புகார் இது.

படூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் எதிர் வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். அப்போது இரண்டாம் ஆண்டு. அவள் ஒரு ஆட்டம் செய்திருந்தாள். எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. சுட்டியைத் தட்டினால் பிரவுசரிலேயே திறக்கும். கையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் ஓஎம்ஆரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. அரசாங்கக் கணக்கில் அது ராஜீவ் காந்தி சாலை, ஆறு வழி. நடுவில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ வேலைக்காக நட்ட தகரத் தடுப்பு. அதில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அங்கங்கே சந்து. தண்ணீர் லாரி, கம்பெனி பஸ், கை நீட்டாமலேயே நிற்கும் ஷேர் ஆட்டோ, ஒன்வேயில் எதிரே வரும் பைக் என்று எல்லாவற்றையும் தினமும் பார்த்தவள்தான் வரைய முடியும் என்கிற மாதிரி வரைந்திருந்தாள்.

வண்டியில் மாட்டிக்கொண்டால் ஆள் சாவதில்லை. லாரி கிறீச்சென்று நிற்கும். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்பார். பெண் பழையபடி சாலையோரத்தில் வந்து நிற்பாள், பையோடு. டிரைவரின் குரல் எதிர் வீட்டுப் பெண்ணுடையதுதான். போர்வைக்குள் உட்கார்ந்து, குரலைக் கட்டையாக்கிப் பேசிப் பதிவு செய்ததாம்.

"அங்கிள், நீங்க டெஸ்டர்தானே, விளையாடிப் பாத்துட்டு சொல்லுங்க" என்றாள். கேட்டது அவ்வளவுதான்.

நான் எக்ஸெல்லைத் திறந்தேன்.

ஆபீஸில் உபயோகிக்கும் டிஃபெக்ட் ஷீட்டையே எடுத்து, சின்னப் பெண் மிரண்டுவிடக் கூடாதே என்று சில காலங்களை நீக்கினேன். அதை ஒரு கருணையாகவே நினைத்துச் செய்தேன். மிச்சம் இருந்தவை வரிசை எண், குறை, சிவியாரிட்டி, செய்ய வேண்டியது. சிவியாரிட்டி 1 என்றால் ரிலீஸே நிற்கும். 4 என்றால் எழுத்துப்பிழை மாதிரி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது ஷீட் நாற்பது வரியைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த தூக்கம் நல்ல தூக்கம்.

அதில் உருப்படியான குறைகளும் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். நீளமான ஃபோனில் கீழே இருந்த பட்டன் பிரவுசரின் முகவரிப் பட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. லேப்டாப்பில் அம்புக்குறி விசையை அழுத்தினால் ஆளோடு சேர்ந்து பக்கமே நகர்ந்தது. இவை உண்மையான தவறுகள். இவற்றைச் சரியாகப் பிடித்ததால்தான் மற்றதையும் அவள் நம்பினாள்.

மற்றதில் மூன்று மட்டும் சொல்கிறேன். "முகப்பில் இசை கேட்கவில்லை. சரிசெய்யவும்." 2018இலிருந்தே குரோம் பிரவுசரில் ஒரு விதி உண்டு. ஆடுகிறவர் திரையை ஒரு தடவையாவது தொடும்வரை சத்தம் வராது. விளம்பரங்கள் தாமாகக் கத்தாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அவள் தப்பே செய்யவில்லை. இது தெரியாமல் நான் எழுதிவைக்க, இல்லாத பிழையைத் தேடி அவள் பரீட்சை நேரத்தில் ராத்திரி கண் விழித்திருக்கிறாள்.

அடுத்தது, "ஆட்டம் முடிந்ததும் கேம் ஓவர் வரவில்லை. தகாத வசனம் வருகிறது. நீக்கவும். சிவியாரிட்டி 2." ஆமாம், நான்தான் எழுதினேன். முதல் தடவை கேட்டபோது வாய்விட்டுச் சிரித்ததும் நான்தான். சிரித்துவிட்டு எழுதினேன்.

மூன்றாவது, "வாகனங்கள் அசாத்திய வேகம். விளையாடவே முடியவில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைக்கவும். சிவியாரிட்டி 1."

ஷீட்டின் அடியில் பொதுக் கருத்து என்று போட்டு, இந்த ஆட்டம் 1981இல் கொனாமி உருவாக்கிய ஃப்ராகரின் சாயலில் இருக்கிறது என்று வேறு எழுதினேன். எனக்கு விஷயம் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? 2014 மார்ச்சில் கப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் ஒரு வார இறுதியில் செய்து போட்ட 2048, அதற்குமுன் வந்திருந்த ஆட்டங்களின் சாயல்தான். அதை அவரே மறைக்கவில்லை. அந்த 2048ஐ எத்தனையோ மதிய இடைவேளைகளில் நான் ஆடியிருக்கிறேன். அது ஷீட் எழுதும்போது ஞாபகம் வரவில்லை.

கொஞ்ச நாளில் எல்லா வரிக்கும் எதிரே "டன் அங்கிள்" என்று எழுதி அனுப்பினாள். திறந்து பார்த்தேன். லாரிகள் அளவான வேகத்தில் வந்தன. மாட்டிக்கொண்டால் சிவப்பு எழுத்தில் கேம் ஓவர். முதல் முயற்சியிலேயே சாலையைக் கடந்துவிட்டேன். ஒவ்வொரு வரியாக "க்ளோஸ்டு" போட்டேன். காலேஜில் டெக் ஃபெஸ்ட் வரப்போகிறது, அங்கே ஸ்டால் போட்டு வைக்கப்போகிறேன் என்றாள். பிரமாதம் என்றேன். ஃபெஸ்ட் முடிந்து லிஃப்டில் பார்த்தபோது எப்படிப் போச்சு என்று கேட்டேன். "போச்சு அங்கிள்" என்று சிரித்தாள். அந்தப் பதிலில் ஒரு டிஃபெக்ட் இருந்தது. எனக்கு அது அன்று கண்ணில் படவில்லை.

பட்டது ஒரு சாயங்காலம், கம்பெனி பஸ்ஸில். பஸ் நின்று நின்று ஊர்ந்துகொண்டிருந்தது. பொழுது போகாமல் அவளுடைய ஆட்டத்தை எடுத்தேன். நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தேன். ஃபோனில் சார்ஜ் குறைந்து, பேட்டரியை மிச்சம் பிடிக்கட்டுமா என்று கேட்டது. சரி என்று தட்டினேன். திரும்ப ஆட்டத்துக்கு வந்தால் லாரிகள் தவழ்ந்துகொண்டிருந்தன.

ஃபோன் தொங்குகிறது என்று முதலில் நினைத்தேன். தொங்கினால் படம் விட்டு விட்டு நகரும். இது அப்படி இல்லை. எல்லாம் ஒழுங்காக நகர்ந்தது, பாதி வேகத்தில். தண்ணீர் லாரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போவதற்குள் நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டுத் திரும்ப முடிந்தது. பேட்டரி சேமிப்பை அணைத்தேன். லாரி வேகம் பிடித்தது. போட்டேன். தவழ்ந்தது. மறுபடி அணைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என் கையையே பார்த்தார். சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது, நான் அதைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். விடை முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. அது வேறு எதுவாகவாவது இருக்கக் கூடாதா என்றுதான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

விஷயம் எளிது. சாதாரண ஃபோன், லேப்டாப் திரைகள் வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். புதிதாக வரும் ஃபோன்கள் பலவற்றில் அது 120. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் முன்னால் பிரவுசர் ஆட்டத்தைக் கூப்பிட்டு, அடுத்த படம் எங்கே என்று கேட்கும். ஒவ்வொரு கூப்பிடலுக்கும் லாரியை 4 புள்ளி நகர்த்து என்று அவள் எழுதியிருந்தாள். முதல் ஆட்டம் எழுதும் பெரும்பாலோர் எழுதுவது அப்படித்தான். அவளுடைய லேப்டாப்பில் லாரி வினாடிக்கு 240 புள்ளி ஓடியது. நான் அப்போதுதான் வாங்கியிருந்த, 120 திரை கொண்ட ஃபோனில் 480. நான் சொன்னபடி அவள் பாதியாக்கியதும் என் ஃபோனில் வேகம் சரியாக வந்தது, மற்றவர்கள் திரையில் தவழ ஆரம்பித்தது. பேட்டரி சேமிப்பைப் போட்டதும் என் திரை 60க்கு இறங்கியது. அதாவது அன்றைக்கு பஸ்ஸில் நான் பார்த்தது மற்றவர்கள் எல்லோரும் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தை.

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு திருத்தம். போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதற்கேற்ற தூரம் லாரியை நகர்த்த வேண்டும். எந்தத் திரையிலும் ஒரே வேகம் வரும். "என் ஃபோன் இன்னது, இதில் லாரி தப்பிக்கவே முடியாத வேகத்தில் வருகிறது" என்று மட்டும் நான் எழுதியிருந்தால், அவளோ அவள் கூட்டாளிகளில் ஒருத்தரோ பத்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள். பாதியாகக் குறை என்று வைத்தியம் எழுதிக் கொடுத்தவன் நான். ஆபீஸில் யாராவது என்ன மெஷின், என்ன பிரவுசர் என்று குறிப்பிடாமல் டிஃபெக்ட் போட்டால் படிக்காமலே திருப்பி அனுப்புகிறவனும் நான்தான். "என் மெஷின்ல ஓடுதே சார்" என்று டெவலப்பர்கள் சமாளிக்கும்போது எவ்வளவு நக்கல் அடித்திருக்கிறேன்!

இதற்கப்புறம்தான் வேர்டில் ஆட்டம் பிறந்த கதையைத் தேடிப் படித்தேன். 2021 அக்டோபரில் வெளியே வந்து, 2022 ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கிக்கொண்ட, ஐந்தெழுத்து வார்த்தையை ஊகிக்கும் பிரவுசர் ஆட்டம். ஜோஷ் வார்டில் அதைச் செய்தது தன் துணைவி பாலக் ஷாவுக்காக. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து வார்த்தைகள் ஏறக்குறைய 12,000. அவற்றில் பெரும்பாலானவற்றை ஆங்கிலம் பேசுகிறவர்களே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பாலக் ஷா அத்தனையையும் பார்த்து, தனக்குத் தெரிந்தவை எவை என்று பிரித்துக் கொடுத்தார். விடைப் பட்டியல் 2,500 வாக்கில் வந்து நின்றது. அவரிடம் கேட்கப்பட்டது இந்த வார்த்தை தெரியுமா, தெரியாதா என்பதுதான். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை. அவரிடம் யாரும் எக்ஸெல் ஷீட் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. நம் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்று எப்படி முடிவானதோ! "நேத்தும் எனக்கு ஆடு எல்லாம் போச்சுடா" என்று யாரோ திண்ணையில் அலுத்துக்கொண்டதில்தான் முடிவாகியிருக்கும் என்று நான் இப்போது நம்புகிறேன். ஆதாரம் கிடையாது.

அந்த வாரக் கடைசியில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் அம்மா காபி கொடுத்தார். பேட்டரி சேமிப்பு, 60, 120 என்று நான் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அங்கிள்" என்றாள்.

ஃபெஸ்ட்டிலேயே தெரிந்துவிட்டதாம். விளையாட வந்தவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். ஒரு பையன், "என்னடி, ஞாயித்துக்கிழமை காலைல ஓஎம்ஆர் மாதிரி இருக்கு" என்றான். பக்கத்து ஸ்டாலில் எப்போதும் கூட்டம். நடுவில் 120 திரை ஃபோன் வைத்திருந்த சீனியர் ஒருத்தி, எனக்கு நல்லாத்தானே ஓடுது என்று சொன்னபோது விளங்கியிருக்கிறது. அன்று மாலையே ஆட்டத்தை எடுத்துவிட்டாள். என் ஃபோனில் இருந்தது அதற்கு முன்பே திறந்துவைத்த பக்கம்.

"என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன ஃபோன்ல பாத்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கலாம்னுதான் பாத்தேன். ஷீட்ல அதுக்கு காலம் இல்ல."

கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் கருணையோடு நீக்கிய காலங்களில் முதலாவது அதுதான்.

திருத்தத்தை அவள் எப்போதோ எழுதிவிட்டாள். என் எதிரிலேயே லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினாள். லாரிகள் பழையபடி பறந்தன. சந்தோஷமாக இருந்தது. வேண்டுமென்றே போய் ஒரு தண்ணீர் லாரியில் மாட்டிக்கொண்டேன். கேம் ஓவர் என்று வந்தது.

"அந்த டிரைவர் எங்க?"

"அழிச்சிட்டேன் அங்கிள். நீங்க நீக்கச் சொன்னப்ப ஃபைலையே டெலீட் பண்ணிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "திரும்பப் பேசிப் பாத்தேன். சிரிப்பு வரல, திட்டற மாதிரியே வருது" என்றாள்.

என் மனைவியைப் பேசவைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாவம், நானும் ஏதாவது செய்ய வேண்டுமே. அவளுக்கு அது பொருந்தி வரும் என்றும் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள், வேண்டாம் என்றுவிட்டாள். அந்த ஆட்டம் அதற்குப்பின் எங்கும் வெளியாகவில்லை.

இப்போது அவள் கடைசி ஆண்டு. போன மாதம் ஒரு புது ஆட்டத்தின் சுட்டியை அனுப்பினாள். முட்டுக்காடு உப்பங்கழியில் படகு விடுகிற ஆட்டம். கூடவே ஒரு செய்தி: "முதல்ல உங்க ஃபோன் மாடல், பிரவுசர், பேட்டரி எவ்ளோன்னு அனுப்புங்க. அப்புறம் எங்க மாட்டினீங்கன்னு மட்டும் சொல்லுங்க. என்ன பண்ணணும்னு சொல்லாதீங்க அங்கிள், ப்ளீஸ்."

ஃபோன் மாடல், பிரவுசர், பேட்டரி 64 சதவீதம், சேமிப்பு அணைத்திருக்கிறது என்று அனுப்பினேன். இரண்டாவது பாலத்துக்கடியில் படகு மாட்டிக்கொண்டது என்றும் எழுதினேன். துடுப்பின் நிறத்தைப் பற்றி ஒரு வரி தட்டச்சு செய்தேன். அனுப்புவதற்குமுன் மனைவியிடம் காட்டினேன். அவள் ஃபோனை வாங்கி அந்த வரியை அழித்துவிட்டுக் கொடுத்தாள்.