அலமாரில் மண் செய்கிறவர்கள்

ஹவானாவில் கடலடிச் சுரங்கப் பாதையைத் தாண்டிக் கிழக்கே போனால் அலமார் வருகிறது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஐந்து மாடிக் குடியிருப்புகள். கொடியில் காயும் துணிகளைத் தவிர வேறு நிறமே கண்ணில் படவில்லை. அவற்றுக்கு நடுவே, பச்சைப் பசேலென்று சுமார் 25 ஏக்கர்! 1997இல் தொடங்கிய 'விவேரோ அலமார்' கூட்டுறவுப் பண்ணை. லெட்யூஸ், முள்ளங்கி, பீட்ரூட் பாத்திகள். பாத்தி ஓரங்களில் பூச்சியைத் திசைதிருப்ப நம் செண்டுமல்லி.

நான் பார்க்க வந்தது எருக்களத்தை. அங்கே வேலை செய்யும் வயதான அம்மா ஒருவர் குவியலின் ஓரத்தை மண்வெட்டியால் விலக்கி, கையை உள்ளே விடச் சொல்லிச் சைகை காட்டினார். விட்டேன். சுடச்சுட இருந்தது! விருட்டென்று இழுத்துக்கொண்டேன். சருகையும் சாணத்தையும் நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும் சூடு அது. 60 டிகிரி வரை ஏறும். களை விதையும் நோய்க் கிருமியும் அதில் வெந்துபோகும். அப்புறம் அந்த அம்மா ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தார். விரலிடுக்கில் ஒரே ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்த்தது. ஈரப்பதம் சரியாம். நீர் கொட்டியிருந்தால் காற்று போகாமல் குவியல் அழுகிவிடும்.

அடுத்து மண்புழுத் தொட்டி. மேலே போட்டிருந்த ஈரச் சாக்கை நீக்கியதும் செம்புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளே நெளிந்து ஓடின. அடியிலிருந்த உரம் காப்பித்தூள் போலக் கறுத்து, பொலபொலவென்று இருந்தது. சாண வாடை துளியும் இல்லை. முகர்ந்தால், கோடை மழை விழுந்த செம்மண் வாசம். அந்த வாசத்துக்காகவே இன்னொரு முறை இத்தனை தூரம் வருவேன்.

கியூபா மக்கள் ஆசைப்பட்டு இந்த இயற்கை உரத்துக்கு வரவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் பெருமளவு நின்றுபோயின. டிராக்டர்கள் முடங்க, மாடுகளை மறுபடி ஏரில் பூட்டினார்கள். பசியில் ஜனங்கள் உடல் மெலிந்தார்கள். நகரத்துக் காலிமனைகளில் கல்லும் காரையும்தான் கிடந்தன. அதன்மேலேயே தடுப்புக் கட்டி, எருவும் மண்ணும் கலந்து நிரப்பிப் பாத்தி போட்டார்கள். கரும்பு ஆலையில் சாறு வடிகட்டிய பின் மிஞ்சும் சேறு, நம் பக்கம் பிரஸ்மட் என்பார்களே, அதுவும் உரமானது. இப்படி அமைத்த தோட்டத்துக்கு 'ஆர்கனோபோனிகோ' என்று பெயர். மண் இல்லாத இடத்தில் மண்ணையே செய்துகொண்டார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கியூபா இன்றும் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது. அரிசியும் கோதுமையும் கப்பலில் வருகின்றன. ஆனால் காலையில் பறித்த கீரையை, வேரில் மண் உலர்வதற்குள் எதிர் வீட்டுக்காரர் வாங்கிப் போவதைப் பண்ணை வாசலில் நின்று கண்ணாரப் பார்த்தேன்.

திரும்பும்போது வேலியோரம் ஒரு வேப்பமரம். ஓடிப்போய்த் தொட்டேன். கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிப்பார்களாம். இந்த மரத்துக்குப் பூர்வீகம் நம் நாட்டுப் பக்கம் என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "நிம்," என்றார். எங்கள் ஊரில் வேம்பு என்போம் என்றேன். ஸ்பானிய நாக்குக்கு 'வே' வரவில்லை.

"பேம்பு," என்றார். பிறகு இன்னொரு முறை, மெல்ல, மரத்தைப் பார்த்து, "பேம்பு".