மழை துஆவும் மலையில் இருப்போரும்

வானிலை ஆய்வு மையம் இடிமழை எச்சரிக்கை விடுத்த ஒரு மாலையில், மதரஸா பிள்ளைகளுடன் துஆ ஓதினோம். மழை அளவு மீறியபோது, அது ஊரைவிட்டு விலகிக் குன்றுகளிலும் ஓடைகளிலும் பொழியுமாறு நபி (ஸல்) அவர்கள் இறைஞ்சியதை விளக்கினோம்.

“ஹஜ்ரத், எங்க அம்மா மலையிலதானே இருக்காங்க?” என்றான் ஒரு சிறுவன். அவன் தாயார் போடிமெட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்தில் தங்கி வேலை செய்பவர்.

நமக்கு நா எழவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் 70 பேர் மாண்டதை மறப்போமா?

எவருக்கும் தீங்கின்றி மழை பொழிய வேண்டும் என்பதே அந்த துஆவின் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டக் கற்பித்தவர்களும் நபி (ஸல்) அவர்களே. எச்சரிக்கை வந்தால், இப்போது முதலில் மலையில் இருப்போருக்குக் கைபேசியில் சொல்கிறோம், பின்னரே கையேந்துகிறோம்.