சுவரில் பென்குயின் எதற்கு?

பள்ளிக்கூடச் சுவரில் படம் வரைவதைப் பற்றி விவசாயப் பத்திரிகைக்கு எதற்கு எழுத வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். படிக்கிறது நம் பிள்ளைகள், சுவர் நம் ஊர்ச் சுவர், மண் நம் ஏரி மண். வேறு எங்கே போய் எழுதுவது?

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கம். இராவணன் வெட்டி வீழ்த்திய ஜடாயுவுக்கு இராமர் இறுதிக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்லும். புள் என்றால் பறவை. ஊர்ப் பெயரிலேயே பறவை இருக்கிறது. விஜயராகவப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொள்வார்கள். அது முளைவிட்டால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. (விதை நேர்த்தி தெரிந்த நம் ஆட்கள் சிரிக்க வேண்டாம். முளைக்காததை முளைக்க வைக்கத்தானே சாமியிடம் போகிறார்கள்.)

இவ்வளவு கதை குவிந்து கிடக்கிற இந்தச் சுற்றுவட்டாரத்தில், ஒரு பள்ளிச் சுவரில் நான் பார்த்தது பென்குயினும் பனி பொம்மையும். வெளியிலிருந்து ஒரு குழு வந்து ஒரே நாளில் வரைந்துவிட்டுப் போனது. நல்ல மனசோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் இரண்டு மழை தாங்கவில்லை. அடிச்சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பிக்கொண்டது. பிள்ளைகள் நகத்தால் உரித்து விளையாடினார்கள். யாரும் அதட்டவில்லை.

இதோடு நம் பக்கத்துப் படுகளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி பக்கம் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், இரவில் கூத்து. கடைசி நாள் பதினெட்டாம் போர். அதற்காகக் கோயில் முன்னால் மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு மிதித்து, மல்லாந்து படுத்த துரியோதனனைத் தரையிலேயே பிடிப்பார்கள். வீட்டைவிட நீளமாக இருக்கும். மண் அடிப்பது ஒருவர், தண்ணீர் சுமப்பது ஒருவர், முகம் பிடிக்கத் தெரிந்தவர் மட்டும் முகத்துக்குப் போவார். சின்னப் பிள்ளைகள் விரல் நகத்தைத் தடவிக்கொண்டு நிற்கும். தொடையில் சிவப்புத் தண்ணீர் வைத்துப் பூசிவிடுவார்கள். காலையில் கூத்துக் கட்டிய பீமன் ஓடிவந்து அந்தத் தொடையில் அடிப்பான். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. அந்த உடம்பிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் வீட்டிலும் வயலிலும் வைப்பவர்கள் உண்டு. அடுத்த மழையில் துரியோதனன் கரைந்துபோவான். மறுபடி பாரதம் வைக்கும்போது மறுபடி பிடிப்பார்கள்.

இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, பொது இடத்தில் கலை என்றால் ஊர் சேர்ந்து மண் மிதிப்பதுதான். வெளியூர் ஆள் வரக் கூடாது என்பதில்லை. சென்னை கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அந்த உயரத்துக்கு அதற்கென்று பழகிய ஆள் வேண்டும். நம் பள்ளிச் சுவர் ஏழடி. நம் ஆட்களுக்கு எட்டும்.

பள்ளியும் கலைஞரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே புஞ்சரசந்தாங்கல் இருக்கிறது. கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் சின்ன வயசில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுக் கூத்துக்கு வந்தவர். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் ‘படிப்பா, கூத்தா’ என்று ஒன்றை விட வேண்டிய நிலை வரக் கூடாது என்று, 2002-இல் கட்டைக்கூத்து சங்கத்தின் சார்பில் அங்கே குருகுலம் தொடங்கினார்கள். அவருடைய மனைவி ஹன்னே டி ப்ருயின் நெதர்லாந்திலிருந்து வந்தவர். இந்த வேலையில் பாதி அவருடையது. பாடமும் உண்டு, கூத்தும் உண்டு. ஆம்பளைகள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த கூத்தில் பெண் பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடினார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய காரியம். அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. அங்கே ஆடக் கற்றவர்கள் இப்போது வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். நம் பள்ளிகள் கூப்பிட வேண்டியது இவர்களைப் போன்றவர்களை.

என்ன வரைவது? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்கு ஆள் எடுப்பது எப்படி என்று சுவரில் வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்பது வரை அதில் இருக்கிறது. ஏரி வாரியம் என்று ஏரிக்கே தனிக் குழு. குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சின்னப் பையன். பள்ளிச் சுவரில் அந்தக் குடத்தையும் பையனையும் வரையலாம். எங்கள் ஊர் என்றால் ஜடாயு. நம் ஏரியின் மதகு, கலங்கல், அதில் எந்த வயலுக்கு எந்தக் கால்வாய் என்று தாத்தா பாட்டியைக் கேட்டு வந்து பிள்ளைகளே வரையட்டும். கேட்டு வருவதில்தான் பாதிப் பாடம்.

செய்முறையைச் சொல்லாமல் விட்டால் நம் பத்திரிகைக்கு அழகில்லை. முதலில் ஓதம் எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். சுவரை ஒட்டித் தண்ணீர் நின்றால் வாய்க்கால் வெட்டி விடுங்கள். அதைச் செய்யாமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. ஊதிக் கிடக்கிற பழைய பூச்சை முழுக்கச் சுரண்டுங்கள். நீற்றின சுண்ணாம்பில் கொஞ்சம் பிசின் கலந்து இரண்டு கை பூசுங்கள். சுண்ணாம்பு ஓதத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் பெயிண்ட் உள்ளே அடைத்துவைக்கும். நிறத்துக்குக் காவி, மஞ்சள் காவி, அடுப்புக்கரி. இவை சுண்ணாம்பின் காரத்தில் வெளுக்காது. சுண்ணாம்பு நீற்றுகிற இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து. அந்த வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். வருஷத்துக்கு ஒருமுறை மங்கும். மங்கட்டுமே. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் இல்லையா?

மண்ணில் செய்ய ஆசைப்பட்டால், விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி வண்டல், களிமண் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று 2024-இல் விதியை எளிதாக்கியிருக்கிறார்கள். குயவர் வீட்டில் ஒரு லோடு இறங்கினால் பள்ளிக்கு இரண்டு கூடை கிடைக்காமலா போகும்!

வயலே சுவராகவும் ஆகலாம். ஜப்பானில் இனகடாதே என்ற கிராமத்தில் 1993 முதல் வெவ்வேறு இலை நிறமுள்ள நெல் ரகங்களை நட்டுப் படம் வரைகிறார்கள்; ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்தே நடுகிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் இயற்கை விவசாயி நம்மாழ்வார் முகத்தையே வயலில் நட்டார். பள்ளிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் ஐந்து சென்ட் ஒதுக்கினால் போதும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் ஊர்க் கலைஞர்தானே என்று சால்வை போட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பக் கூடாது. நடவுக்கு வருகிறவருக்குக் கூலி பேசாமல் கூப்பிடுகிறோமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, நாள் கூலியை முதலிலேயே எழுதிவையுங்கள். கூத்துக்காரர்களுக்குப் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை ஓட்டம். ஐப்பசிக்குப் பிறகு கையில் வேலை இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் காயாது. தை பிறந்ததும் வெயிலும் இருக்கும், பள்ளியும் நடக்கும், அவர்களும் ஊரில் இருப்பார்கள். அதனால் கார்த்திகையிலேயே போய்ப் பேசிவிடுங்கள்.