இழுக்க ஓர் இடம்

கையடக்கமான உடற்பயிற்சிக் கருவி என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு பொருள் மட்டும் இருக்காது. அதை மாட்டுவதற்கான இடம். ரப்பர் பட்டை இருக்கும், கைப்பிடி இருக்கும், எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்று காட்டும் வண்ணப்படம் இருக்கும். படத்தில் இருப்பவர் ஒரு கம்பத்திலோ கதவிலோ பட்டையை மாட்டி முகம் மலர இழுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கம்பத்தை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். கருவி அரைக் கிலோ என்று எழுதியிருப்பார்கள்; அது பிடித்துத் தொங்கும் சுவரின் எடையை யாரும் எழுதுவதில்லை.

இதை நான் யோசிக்கும்படி ஆனது ஒரு மாப்பிள்ளையால். கோயம்புத்தூரில் லேத்தும் வெல்டிங்கும் போட்டுச் சின்னதாகப் பட்டறை நடத்துகிறேன். அக்கா மகளைக் கட்டியவர் நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டுகிறார். ஒரு விசேஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது கேட்டார்: “கேபின்ல சீட்டுக்கு அடியில வெக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க மாமா. கை, காலு, முதுகு எல்லாத்துக்கும் அது ஒண்ணே ஆகோணும். பாரமா மட்டும் இருக்கக் கூடாது.”

கேட்பதற்குச் சின்ன வேலை. பாரமாக இருக்கக் கூடாது, ஆனால் உடம்புக்குப் பாரம் தர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நூறு வருஷத்துக்கும் மேலாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

தண்டாலுக்கும் பஸ்கிக்கும் ஒரு சாமானும் வேண்டியதில்லை. தரை போதும். ஆனால் அவை இரண்டுமே தள்ளுகிற வேலைகள். கை தரையைத் தள்ளுகிறது, கால் தரையைத் தள்ளுகிறது. இழுப்பதற்குத்தான் எதிரே ஒரு பொருள் வேண்டும். பத்து மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தோளை முன்னால் கூனிக்கொண்டு உட்காருகிறவருக்கு வேண்டியதும் அந்த இழுப்புத்தான். நம் பாட்டிகளுக்கு இந்தக் குறை இல்லை. கிணற்றில் நாலு குடம் சேந்தினால் முதுகும் முன்கையும் தானாக வேலை செய்துவிடும். கயிறு, உருளை, எடை, அதைத் தாங்கும் கல்தூண் எல்லாம் அங்கேயே இருந்தன. இப்போது மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறோம். முதுகுக்கு வேலை போய்விட்டது.

எடையே வேண்டும் என்றால் கர்லாக்கட்டை இருக்கிறது. அதைச் சுழற்ற நாலாப்பக்கமும் இடம் வேண்டும். பெட்ரோல் பங்க்கில் லாரிகளுக்கு நடுவே நின்று சுழற்றினால் கண்ணாடிக்கு யார் ஜவாப்? அடுத்தது வில்கம்பியும் ரப்பரும். யூஜின் சாண்டோ என்ற பலசாலி 1904-05 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து காட்சி நடத்திவிட்டுப் போனவர். அவர் பெயர் இங்கே பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. எங்கள் கோவைக்காரர் சின்னப்பா தேவரும் சாண்டோ சின்னப்பா தேவர்தான். அந்த யூஜின் சாண்டோ தன் பெயரில் விற்ற சாமான்களில் சுவரில் மாட்டி இழுக்கும் ரப்பர் கயிறும் ஒன்று. கயிறு சின்னது. சுவர் பெரியது.

ரப்பரில் இன்னொரு சிக்கல் உண்டு. இழுக்க ஆரம்பிக்கும்போது ஒன்றுமே இராது. இழுபட இழுபட இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். தலைக்கு மேலே தூக்குகிற பயிற்சிக்கு இது பொருந்தும், கை நிமிர நிமிர நம் பலமும் கூடுவதால். முதுகுக்குப் பொருந்தாது. முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னால் கொண்டுவரும் கடைசிக் கட்டத்தில்தான் நமக்குப் பலம் குறைவு. சரியாக அங்கேதான் ரப்பரின் இழுப்பு உச்சத்தில் இருக்கும். ஆள் என்ன செய்வார்? இடுப்பை வெட்டி, உடம்பைப் பின்னால் எறிந்து கணக்கை முடிப்பார். முதுகுத்தசைக்குப் போக வேண்டிய வேலை முதுகெலும்புக்குப் போகும். தவிரவும், சித்திரை வெயிலில் நிற்கிற கேபினுக்குள் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? வெடிப்பு விட்ட குழாய் ஒருநாள் முகத்தில் அடிக்கும்.

சுவரே வேண்டாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. 1960களில் ஜெர்மனியிலிருந்து வந்த புல்வொர்க்கர் அப்படிப்பட்டது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய், உள்ளே வில், இருபுறமும் கேபிள். இரு கையாலும் அமுக்கலாம், இரு கேபிளையும் விலக்கி இழுக்கலாம். ஒரு கைக்கு மற்றொரு கைதான் சுவர். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் தொடைக்கும் இடுப்புக்கும் வேலை தர நம் கை போதாது. உடம்பிலேயே பெரிய தசைகளுக்கு எதிராக நிற்க உடம்பால் முடிவதில்லை.

இந்தக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தவர்கள் விண்வெளிக்காரர்கள்தான். அங்கே எடை இல்லை, தரையும் பெயருக்குத்தான். உடற்பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பு, முதுகெலும்புப் பகுதிகளில் எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை குறையும். அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 2 மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். சுனிதா வில்லியம்ஸ் 2007இல் பாஸ்டன் மாரத்தானை அங்கே டிரெட்மில்லில் ஓடி முடித்தார். ஓடியதைவிட, மிதந்துபோகாமல் அவரைப் பட்டைகள் டிரெட்மில்லோடு கீழே இழுத்துப் பிடித்திருந்ததுதான் என் போன்ற பட்டறைக்காரனுக்குக் கண்ணில் படுகிறது. மிதப்பவருக்கு முதலில் செய்துதர வேண்டியது தரை.

அப்பல்லோ பயணங்களில் எக்சர்-ஜீனி என்ற சின்ன உருளையைக் கொண்டுபோனார்கள். உள்ளே ஒரு தண்டு, அதைச் சுற்றிக் கயிறு. சுற்றைக் கூட்டினால் உராய்வு கூடும், இழுப்பது கடினமாகும். துறைமுகத்தில் ஒரே ஆள் வடத்தை இரும்புத்தூணில் சில சுற்றுச் சுற்றிக் கப்பலையே நிறுத்துகிற அதே சூத்திரம். ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. மாப்பிள்ளைக்கு இதைத்தான் செய்து தரலாம் என்று முதலில் தோன்றியது. லேத்தில் அரைநாள் வேலை. ஆனால் உராய்வு போகிற வழியில்தான் வேலை வாங்கும், திரும்புகிற வழியில் சும்மா விட்டுவிடும். பாரத்தைத் தாங்கிக்கொண்டே மெல்ல இறக்குவதும் தசைக்குப் பெரிய வேலை. வெள்ளியங்கிரி மலை ஏறி வந்தவர்களுக்குத் தெரியும்: மறுநாள் தொடை பிடித்துக்கொள்வதற்குக் காரணம் ஏறியதைவிட இறங்கியதுதான்.

பிறகு 2008 நவம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் ஏரெட் என்ற பெரிய கருவி போய்ச் சேர்ந்தது. அதில் எடைத்தட்டுகள் இல்லை. காற்றை வெளியேற்றிய இரண்டு உருளைகளில் பிஸ்டனை இழுக்க வேண்டும். வெற்றிடம் ஒரே சீராக எதிர்த்து இழுக்கும். சுமார் 270 கிலோவரை பாரம் வைக்கலாம். அவ்வளவு எதற்கு என்றால், பூமியில் பஸ்கி போடுகிறவர் தன் உடம்பையும் சேர்த்துத்தான் தூக்குகிறார்; அங்கே அந்த எடையையும் கருவியே கொடுத்தாக வேண்டும். அதோடு முடியவில்லை. ஒருவர் எம்பி எம்பிப் பயிற்சி செய்தால் அந்த உதை நிலையத்துக்கும் போகும், நுட்பமான ஆய்வுகள் கெடும். அதனால் கருவியை நேராகப் பிணைக்காமல், அதிர்வைத் தாங்கி விழுங்க ஒரு தனி அமைப்பின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். பூமியில் இனாமாகக் கிடைக்கும் தரைக்கு அங்கே இவ்வளவு செலவு.

நிலையத்தில் உள்ள உடற்பயிற்சிச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து 1,800 கிலோவுக்கு மேல். அவை பிடிக்கும் இடம் சுமார் 24 கன மீட்டர். நிலவுப் பயணத்துக்கான ஓரியன் விண்கலத்தில் நாலு பேர் புழங்கும் இடமே 9 கன மீட்டர் சுற்றித்தான். அதனால் ஓரியனுக்கு வேறு வழி பிடித்தார்கள். சுமார் 14 கிலோவில், கையில் தூக்கிப்போகும் பெட்டியைவிடச் சிறிய ஒரு சமனுருளைக் கருவி. கயிற்றை இழுத்தால் உள்ளே சக்கரம் சுழலும். சுழன்ற வேகத்திலேயே கயிற்றைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு ஆளை இழுக்கும், யோயோ மாதிரி. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு பாரம், உச்சபட்சம் சுமார் 180 கிலோ. போகவும் வேலை, திரும்பவும் வேலை. பெட்டியைப் பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே பொருத்தி, ஏறி இறங்கும்போது மிதிக்கிற படியாகவும் ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தப் படிதான். கருவியை மட்டும் பார்த்து வரைந்தவருக்கு அது தோன்றியிருக்காது; கலத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்று நின்று பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

லாரிக்குச் சக்கரமும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம். ஈர்ப்பு விசை இருக்கிறது, எழுபது கிலோ ஆள் இருக்கிறார். ஒரு பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் அவர் எடையே அவருக்குப் பாரம். காலை இரண்டடி முன்னே வைத்தால் பாரம் ஏறும், பின்னே வைத்தால் இறங்கும். திரும்பி நின்று முன்னால் சாய்ந்தால் தள்ளும் பயிற்சி. பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கு. ரேண்டி ஹெட்ரிக் என்ற அமெரிக்கக் கடற்படை வீரர் 1997இல் ஜுஜிட்சு இடைக்கச்சையையும் பாராசூட் பட்டையையும் இணைத்துக் கதவில் தொங்கவிட்டுப் பயிற்சி செய்தார். அதுதான் பின்னால் டிஆர்எக்ஸ் என்று உலகமெல்லாம் விற்றது. ஆக, இதில் நான் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. நம் ஆளுக்குக் கதவு எங்கே என்பதுதான் கேள்வி.

லாட்ஜில் தங்கினால் கதவு உண்டு. ஆனால் லாட்ஜ் அறைக் கதவுகள் பெரும்பாலும் உள்பக்கம் திறப்பவை. உள்ளே நின்று இழுத்தால் மொத்தப் பாரமும் தாழ்ப்பாளில், அதைப் பிடித்திருக்கும் அரையங்குலத் திருகாணிகளில். எழுபது கிலோவுக்கு அது பதில் சொல்லாது. லாரியில் வருகிறவர் லாட்ஜுக்குப் போவதும் அபூர்வம்.

வண்டி ஊருக்கு வந்தபோது போய்ச் சுற்றிப் பார்த்தேன். கேபினைப் பார்க்கச் சொன்னார் மாப்பிள்ளை. நான் பாடியைப் பார்த்தேன். தார்ப்பாய்க் கயிறு கட்ட இருபக்கமும் வரிசையாகக் கொக்கிகள், தரையிலிருந்து மார்பு உயரத்தில். கயிற்றை இழுத்துக் கட்டினால் மலைப்பாதையிலும் புயல்காற்றிலும் லோடைப் பிடித்துக்கொண்டு வருபவை. அவற்றுக்குப் பின்னால் இருபத்தைந்து டன். விண்வெளி நிலையத்துக்காவது ஆட்டம் தாங்க ஏற்பாடு வேண்டும். லோடு ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்த லாரியை எழுபது கிலோ ஆள் அசைக்கவா முடியும்?

வேலை அதோடு எளிதாகிவிட்டது. சீட் பெல்ட்டுக்குப் போடுகிற பாலியஸ்டர் பட்டை, நடுவில் கொக்கிக்கு ஒரு வளையம், நீளம் கூட்டிக் குறைக்க இரண்டு பக்கிள், இரண்டு கைப்பிடி. பக்கிளை நானே செய்தேன். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் ஏற இறங்கப் பட்டையை அறுத்துவிடும். அரம் போட்டு, எமரித் தாளில் தேய்த்து, நகத்தை ஓட்டிப் பார்த்து, அது எங்கும் தட்டாத பிறகுதான் பட்டையைக் கோத்தேன். தையல் தார்ப்பாய்க் கடையில். சதுரமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறி போட்டார் டெய்லர், பாரம் ஒரே வரிசை நூலில் விழாமல் இருக்க. மொத்தமும் ஒரு கிலோவுக்குள். சுருட்டினால் தூக்குப்போசிக்குள் அடங்கும்.

இதனால் எல்லாம் ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன். பளு தூக்கிப் பழகியவர் தொடைக்கு இது பற்றாது. மூச்சு வாங்க நடக்கத்தான் வேண்டும். அதற்கு இந்தப் பட்டை மாற்றில்லை. வேறு இடத்தில் இதை மாட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காங்கிரீட்டில் கம்பியோடு சேர்த்து வார்த்த ஊஞ்சல் கொக்கி நல்லது. சுவருக்குள் பதித்த ஜன்னல் கம்பி பரவாயில்லை. மின்விசிறிக் கொக்கி, தண்ணீர்க் குழாய், மாடிக் கைப்பிடி இவற்றின் பக்கமே போகக் கூடாது.

போன மாதம் மாப்பிள்ளை போன் பண்ணினார். கூட ஓட்டுகிற டிரைவரும் ஒன்று கேட்கிறாராம். ஒன்றையே இருவரும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

“எதுக்குங்க மாமா? வண்டிக்கு ரெண்டு பக்கமும் கொக்கி இருக்குது.”