ஏழை என்று நிரூபிக்காமல்

"ஒரு நாட்டில் எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தால் என்ன நடக்கும்?" வருமான மீள்பங்கீடு பற்றிப் படிப்பிக்கும்போது பொருளியல் ஆசிரியை கேட்டார். "ஒருத்தரும் வேலைக்குப் போகமாட்டாங்க டீச்சர்" என்பதே வகுப்பில் பலரது பதில்.

பின்லாந்து அரசு இதைச் சோதித்தே பார்த்திருக்கிறது. 2017, 2018 ஆகிய இரு வருடங்களிலும், வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தது. வேலை தேடியதற்கு அத்தாட்சி கேட்கவில்லை. வேலை கிடைத்த பின்பும் பணத்தை நிறுத்தவில்லை. அவர்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை, வேலையற்ற ஏனையோரை விடச் சற்றுக் கூடுதலாகவே வேலை செய்தார்கள். மன உளைச்சல் அவர்களிடம் குறைவாகவும், பிறர் மீதான நம்பிக்கை கூடுதலாகவும் இருந்தது.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், எண்ணெய் வருமானத்தால் உருவான நிதியத்திலிருந்து 1982 முதல் அங்கு வசிப்போருக்கு வருடாந்தம் ஒரு பங்கு கிடைக்கிறது. செல்வந்தருக்கும் உண்டு, கைக்குழந்தைக்கும் உண்டு. எல்லோரும் வாங்குவதால் வாங்குவதில் யாருக்கும் வெட்கமில்லை.

இதை வாசித்தபோது என் சாச்சிதான் நினைவுக்கு வந்தார். சாச்சா மௌத்தான பிறகு, ஒரு தையல் மெஷினை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தார். சாச்சா கட்டிய கல்வீட்டைப் பார்த்துவிட்டு, தகுதியில்லை என்றார்கள். மேன்முறையீடு செய்யச் சொன்னோம். "என்ட கஷ்டத்த இன்னும் எத்தின பேருக்கு மகள் சொல்ற?" என்றார்.

"எல்லாருக்கும் குடுக்க எங்கால காசு?" என்று வாப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். செல்வந்த நாடான சுவிட்சர்லாந்திலேயே 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் சுமார் 77 வீதமானோர் இந்த யோசனையை நிராகரித்தார்கள். நம்மிடம் அலாஸ்காவின் எண்ணெயும் இல்லை.

ஆனால், எல்லோருக்கும் கொடுக்க முடியாவிட்டாலும், கொடுக்கும் விதத்தை மாற்றலாம். ஸகாத் என்பது கொடுப்பவரின் தயவல்ல, பெறுபவரின் உரிமை என்றே நாம் படித்திருக்கிறோம். அரச உதவியும் அப்படித்தான் இருக்க வேண்டும். சுவரையும் கூரையையும் பார்த்து வறுமையை அளப்பவர்கள், அந்தச் சுவருக்குள் அடுப்பு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டாமா?

சாச்சியின் மேன்முறையீட்டுப் படிவத்தை நானே நிரப்பி வைத்திருக்கிறேன். அவருடைய கையொப்பம் மட்டும்தான் பாக்கி.